படங்கில் காயப்போட்ட கியர்பொக்ஸ்

எண்ணிக்கை சரியாக இருந்ததுதான் என்னைக் கெடுத்தது. ஒன்று குறைந்திருந்தால் தேடியிருப்பேன், ஒன்று கூடியிருந்தால் யோசித்திருப்பேன். இருபத்தேழு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழு இருந்தது. பிறகு நடந்ததெல்லாம் அதனால் நடந்தது. கராஜில் வேலை பழகுகிறவர்கள் இதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாலும் பரவாயில்லை. எண்ணி முடித்ததும் நிம்மதியாகி விடாமல் இருந்தால் போதும்.

1. எல் போட் கார்

இடம்பெயர்ந்து திரிந்து, திரும்பி வந்து, மல்லாவியில் கராஜ் போட்ட நாளிலிருந்து எத்தனையோ கியர்பொக்ஸ் கழற்றிப் பூட்டியிருக்கிறேன். கழற்றுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஸ்பனர் பிடிக்கத் தெரிந்த எவரும் கழற்றுவார்கள். பூட்டும்போதுதான் ஆள் யார் என்று தெரியும். நான் யார் என்று எனக்குத் தெரியவந்தது யசோ ரீச்சரின் காரில்.

யசோ ரீச்சர் பள்ளிக்கூடத்து ரீச்சர் இல்லை, கார் ஓட்டப் பழக்குகிறவர். மல்லாவி, துணுக்காய்ப் பக்கத்துப் பெண்கள் பலர் அவரிடம்தான் பழகுகிறார்கள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பழைய வெள்ளைக் கார், முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் எல் போட். பழகுகிறவர்களின் காரில் கியர்பொக்ஸ் படுகிற பாடு வேறு எந்தக் காரிலும் படாது. ஒரு நாளைக்கு ஆறு பேர் மாறி மாறி உட்கார்ந்து, கிளச்சை அரைவாசி மிதித்துக்கொண்டு கியரைத் தள்ளினால் இரும்பும் என்னதான் செய்யும்?

கார் என்னிடம் வந்தபோது இரண்டாம் கியர் அரைத்தது. மூன்றாம் கியர் ஓடும்போதே தானாகக் கழன்றது. உள்ளே ஒரு பெயாரிங் ஊளையிட்டது.

"அண்ணை, அடுத்த கிழமைக்கு அடுத்த கிழமை வியாழன் லைசன் ட்ரையல். ஆறு பேர் இந்தக் காரிலதான் ஓடிக் காட்ட வேணும். அதுக்கு முதல் தருவியளோ?" என்று கேட்டார் ரீச்சர்.

"கழட்டிப் பாத்தாத்தான் சொல்லலாம் ரீச்சர்."

"மற்ற அஞ்சு பேருக்கும் அடுத்த மாசம் எண்டாலும் பரவாயில்லை. இவளுக்குத்தான் ஏலாது."

இவள் என்றது பின் சீற்றில் இருந்த நிறோஜினியை. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். விடியப்புறம் சைக்கிளில் பால் கான் கட்டி வீடு வீடாகப் போய்ப் பால் எடுத்து, பால் சங்கத்துக்குக் கொடுக்கிறவள். சங்கம் சின்ன லொறி ஒன்று எடுத்திருக்கிறது. லைசன் கொண்டு வந்தால் அந்த லொறி வேலை உனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு முறை ட்ரையல் கொடுத்து, தவறிவிட்டாள். அவளுடைய பழகுநர் பத்திரம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. முடிந்தால் மெடிக்கலிலிருந்து எழுத்துப் பரீட்சைவரை எல்லாம் திரும்பவும் முதலிலிருந்து. சங்கம் அவ்வளவு காலம் பார்த்துக்கொண்டு இருக்காது.

"வியாழனுக்கு முதல் கட்டாயம் தருவியளோ அண்ணை?" என்று அவளும் கேட்டாள்.

"தருவன் பிள்ளை. நான் சொன்னாச் சொன்னதுதான்" என்றேன். அந்த நாளில் எனக்கு என்மேல் அப்படியொரு நம்பிக்கை இருந்தது.

2. இடமிருந்து வலம்

என்னிடம் ஓர் ஒழுங்கு உண்டு. கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி, முற்றத்தில் நெல் காயவைக்கிற விரிப்பான படங்கை விரித்து, கழற்றிய வரிசைப்படியே இடமிருந்து வலமாக வெயிலில் காயப்போடுவேன். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக்கொண்டு வந்தால் வேலை முடிந்துவிடும். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்பதும் படுக்கவைத்த விதத்திலேயே தெரியும். நெல்லுக்கு உதவாது என்று வீட்டில் கழித்துவிட்ட பழைய படங்கு அது. ஓரத் தையல் நாலைந்து இடத்தில் விட்டுப்போய் இருந்தது.

பெரிய சாமான்கள் தொலையாது. சின்னச் சாமான்கள்தான் ஓடும். போல் என்கிற இரும்புக் குண்டு, ஸ்பிரிங், பின், வாசர், லொக் வளையம் இவைகளை ஒன்றொன்றாக எண்ணி, சுவரில் சோக்கால் எழுதிவைப்பேன். அன்றைக்கும் எழுதினேன்: சின்னச் சாமான் 27.

போனில் ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பிறகு நானும் என்னை அப்படித்தான் கேட்டேன். அதற்கு முன்பு போட்டோ எடுத்து வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாக்கு வெட்டுகிறவன் பாக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டா வெட்டுகிறான் என்று கேட்பேன்.

3. நாலு மூலை

கிளிநொச்சிக்குப் போய்ப் புது பெயாரிங்கும், கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற பித்தளை வளையங்களும் வாங்கி வந்த நாள் அது. அறுவடை நேரம். ஊர் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. வீதியில் பாதி கார்களுக்கு, பாதி நெல்லுக்கு. அப்படிப்பட்ட நாட்களில் எல்லோருடைய ஒரு கண்ணும் வானத்தில்தான் இருக்கும்.

நிறோஜினி சங்கத்துக்குப் பால் கொடுத்துவிட்டு, வேலை எந்தளவில் இருக்கிறது என்று பார்க்க வந்திருந்தாள். படங்கின் அந்தப் பக்கம் நின்று, "இவ்வளவும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளயோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொன்றையும் காட்டிப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று மூக்கில் ஒரு துளி விழுந்தது. அடுத்த துளி படங்கில். வீதியில் யாரோ "மழை! மழை!" என்று கத்தினார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் படங்குகளுக்கு ஓடினார்கள்.

"பிடியும் பிள்ளை!" என்று நானும் கத்தினேன்.

அவள் அந்தப் பக்கம் இரண்டு மூலை, நான் இந்தப் பக்கம் இரண்டு மூலை. கயிறு கட்டிய மூலை எப்போதும் என் கையில்தான் வரும். நாலையும் சேர்த்துத் தூக்கி, ஒரு உலுக்கு உலுக்கி நடுவுக்குக் கொண்டுவந்து, மூட்டையாகச் சுற்றி, கராஜ் கூரைக்குள் ஓடினோம். இரண்டு பேரும் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். சின்ன வயதிலிருந்து இதைச் செய்து பழகிய கைகள். சாமான்களில் ஒரு துளி தண்ணீர் படவில்லை.

கூரைக்குள் வந்து மூட்டையைக் கீழே வைத்தபோது உள்ளே கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. நெல்லு அப்படிச் சத்தம் போடாது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அண்ணை..." என்றாள் அவள்.

"ஓம்" என்றேன் நான்.

மழையும் ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

படங்கை விரித்து, எண்ணத் தொடங்கினேன். இருபத்தைந்து, இருபத்தாறு, மடிப்புக்குள்ளிருந்து கடைசியாக ஒரு சின்னப் பின், இருபத்தேழு. சுவரைப் பார்த்தேன். இருபத்தேழு. "எல்லாம் இருக்குது பிள்ளை, பயப்பிடாதையும்" என்று அவளை அனுப்பினேன். எல்லாம் இருந்தது. எது எங்கே என்பது மட்டும்தான் இல்லை.

4. மூடாத மூடி

அன்றிலிருந்து என் தலைக்குள் ஒரு குழப்பம் குடிவந்தது. பல கியர்பொக்ஸ் பூட்டிய கைதான், ஆனால் ஒவ்வொரு வாசரையும் எடுக்கும்போது இது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று ஒரு குரல் கேட்கும். தெரிந்த விசயமும் தெரியாததுபோல் இருந்தது. ஒரு வாசரை வைத்துவிட்டு, எடுத்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டு, பிறகு தேநீர் குடிக்கப் போனேன். வந்து பார்த்தபோது அதை எடுத்தேனா வைத்தேனா என்பதும் மறந்துவிட்டது.

ஒருவழியாக எல்லாவற்றையும் அடுக்கி, மேல் மூடியை இறக்கினேன். ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. மரச்சுத்தியலால் தட்டினேன், அசையவில்லை. போல்ட் போட்டு இறுக்கினால் இறங்கும் என்று கை சொன்னது. அப்படிச் செய்து மூடி வெடித்த கதைகள் எனக்குத் தெரியும், அதனால் செய்யவில்லை. உள்ளே அடுக்குப் பிழைத்துவிட்டது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் திரும்ப எடுத்து, திரும்ப அடுக்கி, திரும்ப மூடினேன். அதே ஒரு விரல்.

மூன்றாம் தரம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த மாதிரிப் பொக்ஸில் பெயாரிங்கைச் சுற்றி ஒரு லொக் வளையம் இருக்கும். பக்கத்திலுள்ள ஓட்டைக்குள்ளால் பிளையர்ஸ் விட்டு அந்த வளையத்தை விரித்துப் பிடித்தால்தான் மூடி முழுதாக இறங்கும். கழற்றும்போது நானே விரித்துத்தான் கழற்றினேன். அடுக்கில் பிழையே இல்லை. சரியாக இருந்ததை இரண்டு தரம் குலைத்திருக்கிறேன்.

குழப்பத்தோடு வேலை செய்தால் இப்படித்தான். பிழை ஒரு பக்கம் இருக்கும், சந்தேகம் இன்னொரு பக்கம் நிற்கும்.

5. கழன்று வரும் மூன்று

காரில் ஏற்றி, ஒயில் விட்டு, துணுக்காய் வீதியில் ஓடிப் பார்த்தேன். முதலாவது நல்லது, இரண்டாவது அரைக்கவில்லை, பெயாரிங் ஊளை இல்லை. மூன்றாவதைப் போட்டு அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்ததும் லீவர் தானாக நடுவுக்குத் துள்ளியது. பழைய வருத்தம் அப்படியே இருந்தது.

வீதியோரம் நிறுத்திவிட்டு ஸ்ரேறிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். சைக்கிளில் போன ஒருவர் "என்ன, கார் பழகுறியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல் போட் இருந்ததே!

திரும்ப இறக்கினேன். கியருக்கும் கியருக்கும் நடுவில் வழுக்கி ஓடுகிற வளையம் ஒன்று உண்டு, ஸ்லீவ் என்போம். அதன் பற்கள் ஒரு பக்கம் ஒரு விதமாகவும் மற்றப் பக்கம் வேறு விதமாகவும் சீவப்பட்டிருக்கும். சும்மா பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், நகத்தால் தடவினால்தான் வித்தியாசம். நான் அதைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். படங்கில் அது கிடந்த விதத்தில் கிடந்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

மாற்றிப் போட்டேன். இந்த முறை ஐந்து கியரும் சத்தமில்லாமல் விழுந்தன, ரிவேஸும் விழுந்தது. ஒட்டறுத்த குளம் வரை போய்த் திரும்பி வந்தேன். மேசையில் ஒரு சாமான்கூட மிச்சமில்லை. சனிக்கிழமை பின்னேரம் காரை ரீச்சரிடம் கொடுத்துவிட்டு, சுவரிலிருந்த 27ஐ ஈரத் துணியால் துடைத்தேன்.

6. "உம்மட கைதான்"

ஞாயிற்றுக்கிழமை காலை ரீச்சர் போன் எடுத்தார்.

"அண்ணை, கார் இறுகிட்டுது. முன்னுக்கும் போகுதில்லை, பின்னுக்கும் போகுதில்லை. ஒருக்கால் வாங்கோ."

பழைய நெல் களஞ்சியத்துக்குப் பின்னால் உள்ள வெளியில்தான் அவர் பழக்குவது. மோட்டார் சைக்கிளில் போனேன். கம்புகள் நட்டு, ரிவேஸ் எடுத்துப் பழகும் இடத்தில் கார் சிலைபோல் நின்றது. உள்ளே நிறோஜினி இரண்டு கையாலும் ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி இருந்தாள். கிளச்சை மிதித்து, லீவரை அங்கும் இங்கும் உலுப்பி ஒருமாதிரி விடுவித்தேன்.

பிறகு நான் ஓடினேன். முன்னுக்கு, பின்னுக்கு, முன்னுக்கு, பின்னுக்கு, பத்துத் தரம். ஒன்றுமில்லை. ரீச்சர் ஓடினார், ஒன்றுமில்லை. பழக வந்த இன்னொரு பெண் ஓடினாள், அவளுக்கும் ஒன்றுமில்லை. நிறோஜினி ஏறினாள். இரண்டாம் தரமே கடக்கென்று ஒரு சத்தம், கார் இறுகி நின்றது.

எனக்கு விளங்கவில்லை. விளங்காதபோது எனக்குக் கோபம்தான் முதலில் வரும், அது என் குணம். ஒரு கிழமையாக அந்தப் பொக்ஸோடு மல்லுக்கட்டிய களைப்பும் சேர்ந்துகொண்டது.

"பிள்ளை, கியர்பொக்ஸில ஒரு பிழையும் இல்லை. எல்லாரும் ஓடினம்தானே? உம்மட கைதான் சரியில்லை."

ரீச்சர் என்னைப் பார்த்தார். நிறோஜினி லீவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை பழக வரவில்லை. ரீச்சர் போனில் சொன்னார்: "அவள் வியாழக்கிழமை வரமாட்டனெண்டுறாள் அண்ணை. சங்கத்தில வேற ஆளைப் பாக்கச் சொல்லப் போறாளாம். தன்ர கைக்கு இது சரிவராதாம்."

தன் கைக்கு என்றது என்னைச் சுட்டது. அந்தச் சொல் என்னுடையது.

7. பழகாத கை

ரீச்சரிடம் காரை வாங்கிக்கொண்டு அதே வெளிக்குத் தனியாகப் போனேன். என்னதான் நடக்கிறது என்று யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே கியர்பொக்ஸ். மூன்று பேருக்கு வேலை செய்கிறது, ஒருத்திக்கு இறுகுகிறது. இரும்புக்கு ஆள் தெரியுமா?

பிறகு ஞாயிற்றுக்கிழமை அவள் செய்ததை மனதில் ஓட்டிப் பார்த்தேன். பயத்தில் அவள் முதலாம் கியரை முழுதாகக் கழற்றுவதில்லை. அரைவாசியில் இருக்கும்போதே லீவரைக் குறுக்காக ரிவேஸ் பக்கம் இழுக்கிறாள். நான் ஓடும்போது கை தன்பாட்டில் நடுவுக்கு வந்து, நின்று, பிறகுதான் போகும். ரீச்சரின் கையும் அப்படித்தான்.

அவளைப்போல ஓடிப் பார்ப்போம் என்று இருந்தேன். பழகிய கையைப் பழகாத கையாக்குவது சின்ன வேலையில்லை. மூன்று தரம் முயன்றும் என் கை சரியாகவே போட்டது. நாலாம் தரம் லீவரை அவசரமாகக் குறுக்கே இழுத்தேன். கடக்.

எனக்கும் இறுகிவிட்டது. ஆளில்லாத வெளியில், எல் போட் காருக்குள், அந்தப் பிள்ளைக்குச் சொன்ன சொல்லை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறையாகப் பொக்ஸை இறக்கினேன். இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். கியர் மாற்றுவதற்கு உள்ளே பக்கம் பக்கமாக மூன்று கம்பிகள் இருக்கின்றன. ஒன்று முதலாவது, இரண்டாவது கியருக்கு. நடுக்கம்பி மூன்றாவது, நாலாவதுக்கு. அடுத்தது ஐந்தாவதுக்கும் ரிவேஸுக்கும். ஒரு கம்பி அசைந்தால் மற்ற இரண்டும் அசையக்கூடாது, அசைந்தால் இரண்டு கியர் ஒரேயடியாக விழுந்து பொக்ஸ் இறுகும். அதைத் தடுக்க நடுக்கம்பியின் குறுக்கே ஓர் ஓட்டையில் ஒரு சின்னப் பின் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கம்பி அசைந்தால் பின் தள்ளுப்பட்டுப் போய் அந்தப் பக்கத்துக் கம்பியைப் பூட்டிவிடும். ஒரு நெல்லுமணி அளவுதான். ஆனால் நீளம் சரியாக இருக்க வேண்டும்.

நடுக்கம்பியை எடுத்தேன். பின் இருந்தது. அது இருக்கிறது என்பதால்தான் நான் அதைச் சந்தேகிக்கவே இல்லை. விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பளபளவென்று, இரண்டு நுனியும் உருண்டையாக இருந்தது. அது பின் இல்லை. பெயாரிங்குக்குள் உருளுகிற ஊசி உருளைகளில் ஒன்று. பருமன் அதே பருமன், நீளம் மட்டும் கொஞ்சம் கட்டை.

ரீச்சரின் காரில் அப்படியோர் உருளை இல்லை. பிறகு எங்கிருந்து வந்தது? இரண்டு கிழமைக்கு முன்னம் இரண்டு சில்லு உழவு மெசினான லாண்ட்மாஸ்ரர் ஒன்றின் சாமான்களைக் கழுவி அதே படங்கில் காயப்போட்டிருந்தேன். அப்போது ஓர் உருளை குறைந்து, தேடிக் களைத்து, புதிது வாங்கிப் போட்டதும் ஞாபகம் வந்தது.

படங்கு விறகுக்கு மேலே கிடந்தது. இழுத்துப்போட்டு, முற்றத்தில் முழங்காலில் நின்று, ஓரத் தையலை விரலால் நசுக்கிக்கொண்டே சுற்றி வந்தேன். மூன்று மூலையில் ஒன்றுமில்லை. நாலாவது மூலையில், விட்டுப்போன தையலுக்குள், ஒரு சின்ன முட்டு. பிரித்தேன். எண்ணெய் காய்ந்த, நுனி தட்டையான என்னுடைய பின். மூலையைத் தூக்கி உலுக்கியபோது உருளை வெளியே வர, பின் உள்ளே போயிருக்கிறது. இப்படியும் நடக்குமா என்று கேட்கவேண்டாம், நானே அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நம்பாமல் இருந்தேன்.

அது கயிறு கட்டிய மூலை. நான் பிடித்த மூலை.

8. துணுக்காயில் ஒரு முற்றம்

புதன்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு நேரே நிறோஜினி வீட்டுக்குப் போனேன். அவள் பால் கான்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கதிரை கொண்டுவந்து போட்டாள். நான் இருக்கவில்லை. இரண்டு சாமான்களையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

"இதில எது சரி, எது பிழை எண்டு சொல்லும் பாப்பம்."

"ரெண்டும் ஒண்டு மாதிரித்தானே அண்ணை இருக்குது."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. பிழையானதை நான்தான் பூட்டினனான். உம்மட கையில ஒண்டுமில்லைப் பிள்ளை. நான் சொன்னது பிழை."

கைகளைச் சட்டையில் துடைத்தாள்.

"அப்ப ஏன் அண்ணை உங்களுக்கு இறுகேல்ல?"

"பழகின கை. பிழையைத் தெரியாமலே விலத்திக்கொண்டு போகும்."

"போன முறை ட்ரையலில ரெண்டாம் கியர் அரைச்சுக் கார் நிண்டது. அப்பவும் எல்லாரும் என்ர கை எண்டுதான் சொன்னவை. நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அந்தக் கியரின் வளையம் தேய்ந்திருந்ததைக் கழற்றிப் பார்த்தவன் நான். இரண்டு கிழமையாக அவளுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான், சொல்லவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"அதுவும் கியர்பொக்ஸ்தான் பிள்ளை. வளையம் தேஞ்சு போச்சு. யார் ஓடினாலும் அரைச்சிருக்கும்."

அவள் பால் கான் ஒன்றை நிமிர்த்தினாள், திரும்பக் கவிழ்த்தாள். பிறகு, "செருப்பைப் போட்டுக்கொண்டு வாறன்" என்றாள்.

கார் பழகும் வெளியில் ரீச்சர் காத்துக்கொண்டு நின்றார். நிறோஜினி ஸ்ரேறிங்கில் இருந்ததும் மிகக் கவனமாக ஓடத் தொடங்கினாள்.

"பிள்ளை, நல்லா ஓடாதையும். ஞாயிற்றுக்கிழமை ஓடின மாதிரியே ஓடும்" என்றேன்.

ரீச்சர் சிரித்துவிட்டார். "இவ்வளவு நாளும் நான் நல்லா ஓடு எண்டு கத்துறன், நீங்கள் வந்து கெடுக்கிறியள்!"

நிறோஜினி அவசரமாக, குறுக்காக, அரைவாசியில், நினைத்தபடி இழுத்தாள். பத்துத் தரம், இருபது தரம். பிழையாக இழுத்தால் லீவர் ரிவேஸுக்குள் போகவே மறுத்தது. சரியாக இழுத்தால் போனது. பின் தன் வேலையைச் செய்தது. இருபதுக்குப் பிறகு அவள் பிழையாக இழுப்பதையே விட்டுவிட்டாள். லீவர் எங்கே மறுக்கும், எங்கே போகும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ரீச்சர் போன் எடுத்தார். "அண்ணை, ஆறு பேரில நாலு பேர் பாஸ்" என்றார். நான் கேட்க வாயெடுக்க முதலே, "ஓம், அவளும்தான். ரிவேஸை ஒரே தரத்தில போட்டவள்" என்றார். நான் கராஜ் கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்கு வேறு வேலை செய்யவில்லை.

9. இப்போது

இப்போது நான் போட்டோ எடுக்கிறேன். சின்னச் சாமான்களை எண்ணுவதோடு விடாமல் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிவைக்கிறேன். படங்கை எடுத்தெறிந்துவிட்டு, தட்டுகளில் காயவைக்கிறேன். மழைத் துளி விழுந்தால் கை இன்னமும் தானாக மூலையைத் தேடுகிறது, அதை மட்டும் மாற்ற முடியவில்லை.

இன்னொன்றும் செய்கிறேன். கியர்பொக்ஸ் வேலை செய்த எந்த வாகனத்தையும் நான் ஓடிப் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்வதில்லை. சரியாக ஓடத் தெரிந்தவன் கையில் அரைகுறை வேலையும் நல்ல வேலையாகத் தெரியும். அதனால் கையில் நிச்சயமில்லாத ஒருவரைத் தேடி ஏற்றுவேன்.

போன மாதம் ஒரு வானுக்குக் கியர்பொக்ஸ் பூட்டி முடித்த நேரம் பால் சங்கத்து லொறி வீதியால் வந்தது. கையைக் காட்டி மறித்தேன். நிறோஜினி ஒரு கையால் ஸ்ரேறிங்கைச் சுற்றி, நடு வீதியில் தயங்காமல் ரிவேஸ் எடுத்து, கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பிள்ளை, இந்த வானை ஒருக்கால் ஓடிப் பாரும்" என்றேன்.

அவள் கண்ணாடிக்குள்ளால் தலையை நீட்டி வானைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் பாத்து ஒண்டுக்கும் உதவாது அண்ணை. எனக்கு இப்ப ஓடத் தெரியும். ரீச்சரிட்ட ஒரு புதுப் பிள்ளை வந்திருக்குது, அவளைக் கூப்பிடுங்கோ."